நாலு ரேசரும் ஒரே இடத்தில் இழுத்தால்

கடை
பிப்ரவரி 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மச்சான் எழுதுவது. இங்கே நான் நலம், கடையும் நலம். முழங்கால் மட்டும் படி ஏறும்போதெல்லாம் முனகுகிறது. அங்கே உங்கள் உடம்பு எப்படி? தங்கச்சி ஒழுங்காக எழுதுகிறாளா? வெளிநாட்டில் அவள் பார்த்துக்கொள்ளும் நோயாளி அம்மாவுக்கு இப்போது சாய்ந்து உட்கார முடிகிறதாம். ஒப்பந்தம் முடிய இன்னும் பத்து மாதம். உங்கள் சுவர்க் காலண்டரில் எத்தனை கோடு விழுந்திருக்கும் என்று இங்கிருந்தே சொல்லிவிடுவேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை வருடம் பிறர் செய்த ரேசரை வாங்கி விற்றாயிற்று. இனி என் கடை முத்திரை போட்டு ஒன்று செய்யப் போகிறேன். தகரப் பெட்டியில் பிளேடு சுமந்து சலூன் சலூனாக ஏறி இறங்கியவனுக்கு வந்த ஆசை. வெளியில் கேட்பவர்களிடம் வியாபாரம் என்று சொல்லிக்கொள்கிறேன். பட்டறைக்காரர் நான்கு மாதிரி கொடுத்திருக்கிறார். நான்கிலும் இரண்டு பக்கமும் கூரான பிளேடுதான். பார்சலில் வருகின்றன, கைப்பிடியில் நூல் கட்டி எண் போட்டிருக்கிறேன்.

ஒன்றாவது, மூன்று துண்டாகக் கழலும், இலேசானது. இரண்டாவதும் மூன்று துண்டுதான், ஆனால் பிளேடுக்கு அடியில் சீப்பு மாதிரிப் பல் இருக்கும். மூன்றாவதில் அடிக் குமிழைத் திருகினால் தலை இரண்டு கதவாகத் திறந்துகொள்ளும். நான்காவது பித்தளை. காலில் விழுந்தால் கால் போயிற்று.

உங்களிடம் ஏன் அனுப்புகிறேன் என்றால், நான் பார்த்த தாடிகளிலேயே மோசமானது உங்களுடையது. கல்யாணமான புதிதில் தங்கச்சி என்னிடம் வந்து, "அண்ணா, உன் மாப்பிள்ளை மாசத்துக்கு ஒரு தலையணை உறையைக் கிழிக்கிறாரு"ன்னு புகார் சொன்னவள். அந்தத் தாடியில் நிற்கிற ரேசர் எங்கேயும் நிற்கும்.

ஒவ்வொன்றையும் இரண்டு வாரம் பிடித்துப் பாருங்கள். எனக்கு வேண்டியது இரண்டு பதில். முகத்துக்குச் சுகமா? எத்தனை இழுப்பில் வேலை முடிகிறது? மச்சான் மனம் நோகுமே என்று பூசி மெழுக வேண்டாம். தேய்ந்த பிளேடுகளை அதனதன் காகிதத்திலேயே மடித்து, எத்தனை சவரம் என்று எழுதித் திருப்பி அனுப்புங்கள். என் கடை வழக்கம் அது. வாடிக்கையாளர் சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டு, பிளேடை லென்சில் வைத்துப் பார்ப்பேன். ஜூன் முடிவதற்குள் பட்டறைக்குச் சொல்ல வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

*

வீடு
பிப்ரவரி 27

அன்புள்ள மச்சானுக்கு,

வணக்கம். நான் சௌக்கியம். உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். பெட்டி தூக்குவதையும் கொஞ்சம் விட்டுவைக்கலாம். உங்கள் தங்கை நலமாக இருப்பதாக எழுதியிருக்கிறாள். அந்த நாட்டு மொழியில் கடைக்காரனோடு சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாளாம்.

ஒன்றாம் எண் ரேசர் பற்றி. கன்னத்தில் பூப்போலப் போகிறது. எரிச்சல் இல்லை. ஆனால் முதல் இழுப்பில் பாதி முடி அப்படியே நிற்கிறது. மூன்று முறை நுரை போட வேண்டியிருக்கிறது. கழுத்தில், இடது தாடை எலும்புக்குக் கீழே, கொஞ்சம் இழுத்துப் பிடுங்குகிறது. இரண்டு நாள் அந்த இடத்தில் இரத்தம். பிளேடு மாட்டுவதுதான் பெரிய பாடு. துண்டு துண்டாகக் கழற்றி, சேர்த்து, மரை ஏற்றிப் பத்து நிமிடம் ஆகிறது. வாங்குபவர்களுக்கு இது தொல்லையாக இருக்கும் என்பதைக் கவனிக்கவும்.

கண்ணாடியைச் சமையல் மேடைக்கு மேலே மாற்றி மாட்டியிருக்கிறேன். வெளிச்சத்துக்காக. ஒரே ஆள் இருக்கும் வீட்டில் எந்தச் சாமான் எங்கே இருந்தாலும் கேட்க ஆள் இல்லை.

பிளேடுகள் மூன்று, காகிதத்தோடு இதில் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மாப்பிள்ளை

*

கடை
மார்ச் 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். ஒத்தடம் கொடுத்தேன். முழங்கால் கேட்கவில்லை, ஆனால் வெந்நீர் வைத்த சாக்கில் ஒரு டீ குடித்தேன்.

கடிதம் நன்றாக இருந்தது. நான் கேட்டபடியே பூச்சு இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் பத்து நிமிடமா? மயிரிழை பிசகாமல் இரும்பைக் கடைகிற லேத்துக்காரர் நீங்கள். என் கடைக்கு வரும் கண் மங்கிய தாத்தாக்கள் ஒரு நிமிடத்தில் மாட்டிவிட்டு, "மீதிச் சில்லறை எங்கடா?" என்று கேட்கிறார்கள். மரை சரியாக இல்லையோ? சொன்னால் பட்டறைக்காரர் காதைத் திருகுவேன்.

இன்னொன்று. உங்கள் எழுத்து முன்பெல்லாம் கோடு போட்டது போல நேராக இருக்கும். இந்தத் தடவை ஒவ்வொரு வரியும் கடைசியில் சறுக்குமரத்தில் விட்டது போல் கீழே இறங்குகிறது. படுத்துக்கொண்டு எழுதினீர்களா?

கடையில் கூட்டம் குறைவில்லை. பகலெல்லாம் பேச்சுத்தான். கதவை இழுத்துப் பூட்டினபின் உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை எடுத்துப் படித்தேன். சரக்குப் பற்றிய கடிதத்தை நான் எப்போதும் ஒரு தடவைக்கு மேல் படித்ததில்லை.

இரண்டாம் எண்ணைத் தொடங்குங்கள்.

உங்கள் மச்சான்

*

வீடு
ஏப்ரல் 24

அன்புள்ள மச்சானுக்கு,

வணக்கம். தாமதத்துக்கு மன்னிக்கவும். உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலையில் ஒரு மாற்றம், லேத்திலிருந்து கருவிக் கிடங்குக்குப் போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்த வேலை. மேசை ஆடுகிறது, அதனால்தான் வரி இறங்குகிறது.

மற்ற மூன்றையும் முடித்துவிட்டேன்.

இரண்டாம் எண், பல் வைத்தது. நாலு நாள் தாடியையும் ஒரே இழுப்பில் வழித்துவிடுகிறது. வேகம் என்றால் இதுதான். ஆனால் முரடு. கழுத்தில் அதே இடத்தில் பிடுங்குகிறது. மாட்டுவது முதலாவதைப் போலவே பாடு.

நான்காம் எண், பித்தளை. கை அழுத்தவே வேண்டாம், தன் கனத்தில் தானே இறங்குகிறது. கன்னத்துக்கு இதைவிடச் சுகம் இல்லை. தாடைக்குக் கீழே மட்டும் தோல் அதோடு சேர்ந்து சுருண்டு வந்து வெட்டுகிறது. சோப்புத் தண்ணீரில் வழுக்கி இரண்டு தடவை கீழே விழுந்தது. கால் தப்பியது.

மூன்றாம் எண்தான் என் தீர்ப்பு. சவரம் நடுத்தரம், கழுத்தில் இதுவும் கொஞ்சம் பிடிக்கிறது. இருந்தாலும் கைப்பிடியை எதிலாவது செருகி நிறுத்திக் குமிழைத் திருகினால் கதவு திறந்துவிடுகிறது. பிளேடை மேலிருந்து போட்டால் போதும். ஒரு நிமிடம். இதையே போடச் சொல்லுங்கள்.

மாலையில் வேலை விட்டு வந்ததும் சவரம் செய்கிறேன். காலையில் செய்தால் அவசரம். மாலையில் செய்தால் ஒரு மணி நேரம் போகிறது.

நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

அன்புடன்,
மாப்பிள்ளை

*

மே 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை. நான் நன்றாக இருக்கிறேன். இங்கே குளிர் விட்டுவிட்டது. நான் பார்த்துக்கொள்ளும் அம்மா நேற்று கைத்தடியோடு ஜன்னல் வரை நடந்தார்கள். என் தோளைப் பிடித்துக்கொண்டுதான், ஆனாலும் நடந்தார்கள். உன் முழங்கால் எப்படி?

ஒரு விஷயம் கேட்க வேண்டும். என் வீட்டுக்காரர் எனக்கு எழுதும் கடிதத்தில் முன்பெல்லாம் கரண்ட் போனது, பக்கத்து வீட்டுப் பூனை உள்ளே வந்தது, லேத்து மாஸ்டர் திட்டியது என்று எல்லாம் இருக்கும். இப்போது முழுக்க ரேசர். ஒன்றாம் எண், இரண்டாம் எண். நான் அவரைத்தானே கட்டிக்கொண்டேன், உன் கடையையா கட்டிக்கொண்டேன்? சிரித்துக்கொண்டுதான் படித்தேன். ஆனால் நாலைந்து கடிதமாக அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

உனக்கு ஏதாவது தெரியுமா? தெரிந்தால் எழுது. நீ என்னிடம் எதையும் மழுப்பினதில்லை. கன்னத்தில் அறைகிற மாதிரி சொல்லிவிட்டுப் போவாய். அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன்.

தங்கச்சி

*

கடை
மே 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

உங்கள் தீர்ப்பை எடுத்துவைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சுற்றி வளைக்க வராது, நேராக எழுதுகிறேன்.

இந்த நான்கு ரேசருக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது. ஒன்று இலேசு, ஒன்று முரடு, ஒன்று நடுத்தரம், ஒன்று கனம். ஆனால் நான்கும் உங்கள் கழுத்தில் ஒரே இடத்தில் இழுக்கின்றன. நாலு ரேசரும் ஒரே இடத்தில் இழுத்தால் கோளாறு ரேசரில் இல்லை. வலது கை சவரம் செய்யும்போது இடது கை தாடைக்குக் கீழே தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் தோல் சுருண்டு வரும், வெட்டும். இதை நான் சலூன் வாசலில் நின்று நின்றே கற்றவன்.

மூன்று துண்டு ரேசரில் பிளேடு மாட்ட இரண்டு கை வேண்டும். கதவு ரேசருக்கு ஒரு கை போதும். உங்களுக்குப் பிடித்தது கதவு ரேசர். காகிதம் நகராமல் பிடிக்க ஒரு கை வேண்டும். உங்கள் வரிகள் சறுக்குகின்றன. கடைசியாக, நீங்கள் திருப்பி அனுப்பிய பிளேடுக் காகிதங்களை லென்சில் பார்த்தேன். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பல் பதிந்திருக்கிறது. பிளேடுக் காகிதத்தைப் பல்லால் பிரிக்கிறவனை நான் முப்பது வருடத்தில் பார்த்ததில்லை.

உங்கள் இடது கைக்கு என்ன ஆயிற்று?

தங்கச்சி என்னைக் கேட்டு எழுதியிருக்கிறாள். இன்னும் பதில் போடவில்லை.

மச்சான்

*

வீடு
ஜூன் 23

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. தினமும் பதில் எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். நீங்கள் நலமா என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

போன நவம்பரில் நடந்தது. லேத்தில் இல்லை. ஆள் வரவில்லை என்று ஒரு நாள் பிரஸ் மெஷினில் நிறுத்தினார்கள். நடு மூன்று விரல்களும் போய்விட்டன. மிச்சம் இருப்பது கட்டைவிரல் பாதி, சுண்டுவிரல் முழுசு. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. பார்க்க வருகிறவர் யார் என்று நர்ஸ் கேட்டபோது, "எல்லாரும் வெளியூர்"னு சொன்னேன். பொய் இல்லை.

அவளிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அவள் போவதில் எனக்குச் சம்மதம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். வழியனுப்ப நின்றபோது, "நான் இல்லாம எப்படி இருப்பீங்க?"ன்னு கேட்டாள். "எனக்கென்ன, ரெண்டு கை இருக்கு. நீ கிளம்பு"ன்னு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பெட்டியைக்கூடத் தூக்கிக் கொடுக்கவில்லை. அதன் பிறகு ஒரு வருடம் தாண்டவில்லை, கை போயிற்று மச்சான்.

இப்போது எழுதினால் அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவாள். அவள் பிறந்ததிலிருந்து இப்போதுதான் சொந்தக் காலில் நிற்கிறாள். அந்த அம்மா இவள் குரல் கேட்டால்தான் கண் திறக்கிறார்களாம். அதையெல்லாம் பாதியில் விட்டுவிட்டு வந்து எனக்குச் சட்டைப் பொத்தான் போட வேண்டுமா? போகாதே என்று நான் சொன்னதை என் கை சாதித்துக் கொடுத்ததாக ஆகிவிடும். டிசம்பரில் வரும்போது தானாகவே பார்த்துக்கொள்ளட்டும்.

நான் தாடிதான் விட்டிருந்தேன். உங்கள் பார்சல் வந்தது. முடியாது என்றால் காரணம் கேட்பீர்கள் என்றுதான் தொடங்கினேன். பிறகு அது என் நாளில் ஒருவர் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் ஒரே வேலையாக ஆகிவிட்டது.

தயவுசெய்து அவளுக்கு எழுத வேண்டாம்.

மாப்பிள்ளை

*

கடை
ஜூன் 29

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதத்தைக் கடையில் படித்தேன். வாசலில் ஆள் இருந்ததால் உள்ளே போய் நின்றுவிட்டு வந்தேன். ஒரு வார்த்தை போட்டிருந்தால் அன்றே புறப்பட்டு வந்திருப்பேனே ஐயா. நானும் வெளியூர்க்காரன் கணக்கில் சேர்ந்துவிட்டேன். அது இருக்கட்டும்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, தங்கச்சியிடமும் இல்லை.

என் வீட்டுக்காரி போய் மூன்று வருடம் ஆகிறது. அவளுக்கு வலி தொடங்கியபோது நான் புது ஊர்களில் கடை பிடிக்கச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஐந்து மாதம். ஒவ்வொரு கடிதத்திலும், "இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, உங்கள் வேலையைப் பாருங்கள்" என்று எழுதினாள். எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான். பதினேழு ஊரில் கடை பிடித்தேன். பெருமையாகத் திரும்பி வந்தபோது டாக்டர் என்னிடம், "இவ்வளவு நாள் எங்க இருந்தீங்க?"ன்னு கேட்டார்.

இன்றைக்கும் டீயைக் கையில் எடுத்தால் ஒரு யோசனை வரும். அவள் தனியாக ஆஸ்பத்திரிப் படி ஏறிய அன்று நான் எந்த ஊரில், யாரோடு சிரித்துக்கொண்டு டீ குடித்தேன்? தெரியாது. கூட இருக்கவேண்டிய ஐந்து மாதத்தை அவள் என்னிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டுவிட்டாள். ஊரே அவளைத் தங்கமானவள் என்கிறது. நானும் ஆமாம் என்கிறேன். ஆனால் மன்னிக்கவில்லை. மன்னிக்க வரவில்லை.

தங்கச்சியை என் மாதிரி ஆக்கிவிடாதீர்கள். அவள் ஓடி வருவாளா, அங்கேயே இருப்பாளா என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும், நீங்கள் இல்லை. ஏழெட்டு வாரமாக அவளுக்குப் பதில் போடாமல் இருக்கிறேன். பொய் எழுத வரவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஜூலை பதினைந்துக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் நான் எழுதுவேன். மிரட்டலா என்றால் மிரட்டல்தான்.

ரேசர் சங்கதி. உங்கள் தீர்ப்பைத் தள்ளிவைத்துவிட்டு நான்கையும் என் முகத்திலேயே பார்த்தேன். ஒன்றாம் எண்ணையே போடுகிறேன். எல்லாரும் அழுத்திச் சிரைக்கிறவர்கள், அவர்களுக்குச் சாது ரேசர்தான் சரி. கதவு ரேசர் கொஞ்சம் தனியாகச் செய்யச் சொல்லியிருக்கிறேன். ஒரு கையால் காலம் தள்ளுகிறவர் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள், அவர்களை இதுவரை எந்தக் கடைக்காரனும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

மச்சான்

*

வீடு
ஆகஸ்ட் 26

அன்புள்ள மச்சானுக்கு,

வணக்கம். முழங்கால் எப்படி இருக்கிறது?

ஜூலை பதிமூன்றாம் தேதி எழுதிப் போட்டேன். எல்லாவற்றையும் எழுதினேன், பெட்டியைத் தூக்கிக் கொடுக்காததையும். கடிதம் போய்ச் சேர எட்டு நாள், வர எட்டு நாள். ஆறு வாரம் ஆகிவிட்டது. அவள் இத்தனை நாள் எழுதாமல் இருந்ததே இல்லை. தபால்காரர் முன்பு சைக்கிளை நிறுத்தி, "இன்னைக்கு இல்லைங்க"ன்னு சொல்வார். இப்போது நிறுத்தாமல் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறார்.

உங்களுக்கு ஏதாவது எழுதினாளா?

மாப்பிள்ளை

*

கடை
செப்டம்பர் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எனக்கும் வரவில்லை.

எழுதச் சொன்னவன் நான். சரக்கு விஷயத்தில் தப்புச் செய்தால் திருப்பி எடுத்துக்கொள்வேன். இதில் என்ன செய்வதென்று தெரியவில்லை.

கடையை இரண்டு நாள் பூட்டிவிட்டு வரும் வெள்ளிக்கிழமை அங்கே வருகிறேன். ஒன்றும் சமைக்க வேண்டாம். சும்மா இருப்போம்.

மச்சான்

*

செப்டம்பர் 5

என்னங்க,

நான் உயிரோடு, நல்லபடியாக இருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், பயந்திருப்பீர்கள். பயந்திருக்க வேண்டும் என்றுதான் எழுதாமல் இருந்தேன். முதல் இரண்டு வாரம் அவ்வளவு கோபம்.

உங்கள் கடிதத்தைத் துணி துவைக்கும் அறையில் நின்றுகொண்டே படித்தேன். மெஷின் நின்ற பிறகும் நின்றேன். அம்மா மணியடித்துக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கைத்தடியை ஊன்றித் தானாக நடந்து வந்துவிட்டார்கள். என் தோள் இல்லாமல் அவர்கள் நடந்தது அன்றுதான். அவர்கள் மொழியில் இதை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. என் இடது கையைத் தூக்கி, மூன்று விரலை மடக்கிக் காட்டினேன். அவர்கள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

கோபம் நீங்கள் சொல்லாததற்கு மட்டும் இல்லை. நவம்பரிலிருந்து ஒவ்வொரு நாளும் உங்கள் இரண்டு கையையும் நினைத்துக்கொண்டுதான் நான் தூங்கினேன். இல்லாத ஒன்றை நினைத்துக்கொண்டு. நீங்கள் எட்டு மாதம் முன்பே அழுது முடித்ததை நான் தனியாக, இங்கே, இப்போது அழ வேண்டியிருந்தது. இத்தனை நாள் அதற்குத்தான் ஆனது.

ஓடி வரப் போவதில்லை. நான் வந்து நின்றால் உங்களுக்கு அவமானம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்காகவும் இல்லை. இந்த அம்மாவிடம் டிசம்பர் வரை இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். முடித்துவிட்டு வருகிறேன். அண்ணாவுக்கு இன்னும் பத்து நாள் கழித்து எழுதுவேன். எனக்குப் பதில் போடாதவன், அதுவரை அவனும் காத்திருக்கட்டும். ஆனால் நீங்கள் அவனைத் தனியாக விடாதீர்கள். வா என்று அவனாகக் கூப்பிட மாட்டான்.

இனிமேல் ரேசர் பற்றி ஒரு வரி எழுதினால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன். எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். கட்டிலில் நான் படுக்கும் பக்கம் காலியாகத்தானே இருக்கிறது? தூங்கும்போது அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்கிறீர்கள்? அதை மட்டும் உடனே எழுதுங்கள்.

உங்கள்
நான்தான்